68,500 ரூபா போச்சு: ப்ளூரே பிளேயர் வாங்கப் போறவை இதை வாசிச்சிட்டுப் போங்கோ

திருகோணமலை ரவுனுக்குள்ள ரீவி, ஓடியோ சாமான் விக்கிற ஒரு கடை. பேர் சொல்லேல்ல. பிளேயருக்கு 64,000, கேபிளுக்கு 4,500. மொத்தம் 68,500 ரூபா. கொதி அடங்க முதல் எழுதுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

வீட்டில சாதாரண ப்ளூரே (டிவிடியை விடத் தெளிவான பட டிஸ்க்) பிளேயர் ஒண்டு கிடக்கு. லண்டன் அண்ணா 4கே டிஸ்க், அதாவது ப்ளூரேயை விட இன்னும் நுணுக்கமான படம் உள்ள டிஸ்க், கொண்டு வாறார் எண்டு அதுக்கேத்த பிளேயர் கேட்டுத்தான் போனது. முதலாளி ரெண்டு ரீவியைப் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒரே படத்தை ஓட விட்டார். இடப்பக்கம் மலிவு பிளேயர்: முகமெல்லாம் கலங்கி, எழுத்தெல்லாம் பிசிறி. வலப்பக்கம் அவர் விக்க வச்சிருந்தது: ஹீரோவின்ர தாடி மயிரை எண்ணலாம்.

யோசிச்சுக்கொண்டு நிண்டன். கதிரை போட்டு இருத்தி, பிளேன்ரீ வரவழைச்சு, "தம்பி, உங்கட அப்பாவும் எங்கட அப்பரிட்டத்தான் ரேடியோ வாங்கினவர். உங்களைப் பேய்க்காட்டுவனே?" எண்டார். அந்தக் கதையோட காசை எண்ணிக் குடுத்தாச்சு.

அண்ணா வந்து கறுப்புப் பெட்டியில வந்த 4கே டிஸ்கைப் போட்டா, வாசிக்க ஏலாது எண்டு காட்டுது. பிளேயர் வந்த பெட்டியில ஒட்டியிருந்த விலைச் சீட்டை உரிச்சுப் பாத்தன். '4கே'க்குப் பக்கத்தில மறைஞ்சு கிடந்தது 'அப்ஸ்கேலிங்'. 1920×1080 படத்தை 3840×2160 ஆப் பெருப்பிக்கிறது, அவ்வளவுதான். அதை 4கே ரீவியே செய்யும்.

திரும்பக் கடைக்குப் போய் ரீவிக்குப் பின்னால எட்டிப் பாத்தன். மலிவு பிளேயருக்கு மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர், மற்றதுக்கு எச்டிஎம்ஐ, படமும் சத்தமும் சேந்து போற டிஜிட்டல் வயர்! மஞ்சள் வயரில எச்டி எண்ட தெளிவான படமே போகாது. ரெண்டையும் எச்டிஎம்ஐயில பூட்டினா டிஸ்கில உள்ள அதே 1920×1080 படம்தான் வரும், கண்ணுக்கு ஒண்டுதான். பழைய டிவிடியைப் பெருப்பிக்கிறதிலயும் டிஸ்க் திறக்கிற வேகத்திலயும் வித்தியாசம் இருக்கலாம். அதுக்கு 64,000ஆ?

4,500 ரூபா ஒப்டிகல் கேபிள் (சத்தத்தை மட்டும் கொண்டுபோற வயர்) அடுத்த சுத்துமாத்து. "ட்ரூஎச்டி சத்தம் அப்பிடியே வரும்" எண்டார். டிஸ்கில தரம் குறையாமப் பதிஞ்ச சத்தத்துக்குத்தான் டொல்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஓடியோ எண்டு பேர், ஒப்டிகலில ரெண்டும் போகாது. அமுக்கின டொல்பி டிஜிட்டல், டிடிஎஸ் மட்டும்தான். முழுச் சத்தம் வேணுமெண்டா ஸ்பீக்கருக்குச் சத்தம் குடுக்கிற அம்ப்ளிஃபயருக்கு எச்டிஎம்ஐ குடுக்க வேணும்.

கேட்டா, "ரீவி செட்டிங் பிழை தம்பி." பிறகு, "லண்டன் டிஸ்க், ரீஜன் வேற." 4கே டிஸ்குக்கு ரீஜனே (எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில ஓடும் எண்ட பூட்டு) இல்லை எண்டதும் வேலைக்கு நிக்கிற பெடியனிட்டத் தள்ளிவிட்டார். அடுத்த முறை போனா "முதலாளி கொழும்புக்குப் போட்டார்" எண்டு அவன் சொல்லுறான், முதலாளியின்ர மோட்டச்சைக்கிள் வாசலில நிக்குது. கடைசியா ஆளைப் பிடிச்சா, பில்லின்ர அடியைக் காட்டினார்: வித்த சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது. 68,500 ரூபாக்கு அதுதான் பதில்.

ஆலோசனை விரிவா எழுதத்தான் நினைச்சன், இப்ப ஏலாது. உங்கட டிஸ்கைக் கொண்டுபோய்க் கடையிலயே போட்டுப் பாருங்கோ. ரீவிக்குப் பின்னால வயரைப் பாருங்கோ. 'அல்ட்ரா எச்டி ப்ளூரே' அடையாளம் பிளேயரில இல்லாட்டி காசைக் குடுக்காதேங்கோ. பில்லில மொடல் நம்பர் எழுதுவியுங்கோ, என்ர பில்லில 'பிளேயர் 1' எண்டு மட்டும்தான் கிடக்கு.

நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977க்கு அடிச்சுச் சொல்லியிருக்கிறன். 68,500 திரும்பி வந்தா கீழ எழுதுறன்.