பழைய பாணி பெடலும் டோ கிளிப்பும்: எதற்கு எது பொருந்தும்?

பழைய பாணி சைக்கிளுக்குப் பெடல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். என் முதல் ஜோடியை நானும் அப்படித்தான் வாங்கினேன். அழகில் குறையே இல்லை. டோ கிளிப், அதாவது பெடலின் முன்னால் ஷூ நுனியைப் பிடித்துக்கொள்ளும், வார் கட்டிய கூண்டு, அதை மாட்டி ஓட்டிய பிறகுதான், பெடலில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் பின்விளிம்பு என்பது புரிந்தது.

டோ கிளிப் மாட்டிய பெடல் சும்மா இருக்கும்போது நிமிர்ந்து நிற்காது. கிளிப்பின் எடை அதைத் தலைகீழாகத் தொங்கவிடும். நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஷூ நுனியால் பின்விளிம்பைத் தட்ட வேண்டும். பெடல் சுழன்று நிமிரும் அந்த நொடியில் காலை உள்ளே நுழைக்க வேண்டும். பின்விளிம்பில் நாக்கு மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தால் இது இரண்டே நாளில் பழகிவிடும். இல்லையென்றால் கால் வழுக்கிக்கொண்டே இருக்கும். நான்கு வகைப் பெடல்களையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே பார்க்கிறேன்.

பந்தய சைக்கிள் என்றதும் நினைவுக்கு வருவது குவில் பெடல். இத்தாலிய நிறுவனமான கம்பனோலோவின் பழைய ரெக்கார்ட் பெடல் இந்த வகைதான். இரண்டு பக்கத் தகடுகளும் வெளி ஓரத்தில் இணைந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். நாக்கு உண்டு, கிளிப்போடு நன்றாகச் சேரும். ஒடுக்கமான, கெட்டி அடிப்பாகமுள்ள ஷூவுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் அகலமான பாதம் என்றால் அந்த வெளி வளைவு சுண்டுவிரல் பக்கம் இடித்துக்கொண்டே இருக்கும். நீண்ட தூரத்தில் அது பெரிய தொந்தரவு.

ஓடுதளப் பந்தயத்துக்கான டிராக் பெடலில் அந்த வளைவு கிடையாது. சரிவான ஓடுதளத்தில் சாய்ந்து திரும்பும்போது தரையில் இடிக்காமலிருக்க வெளி ஓரத்தைக் குறுக்கியிருப்பார்கள். ஜப்பானின் கெய்ரின் என்ற ஓடுதளப் பந்தய வீரர்கள் இன்றும் கிளிப்பும் வாரும் கட்டித்தான் பந்தயம் ஓட்டுகிறார்கள். வெளி ஓரம் திறந்திருப்பதால் அகலமான ஷூ போடுகிறவர்களுக்கு இது குவிலைவிட வசதி.

டூரிங் பெடலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஜப்பானிய நிறுவனமான எம்கேஎஸ்ஸின் சில்வன் டூரிங் நல்ல உதாரணம். அலுமினிய உடம்பு, உள்ளே கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கக்கூடிய பழைய முறை பால் பேரிங். கிளிப் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் இதை வாங்கலாம். எந்தப் பக்கம் கால் பட்டாலும் மிதிக்கலாம். ஆனால் கிளிப் மாட்டியதும் அந்த வசதி போய்விடும். ஒரு பக்கம்தான் மிச்சம்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. பிரான்சின் லியோடார் நிறுவனம் ஒரு தட்டையான, தாழ்ந்த பெடலுக்கு மார்செல் பெர்தே பெயரை வைத்தது. ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் சைக்கிள் ஓட்டும் சாதனையை 1907இல் ஒரு முறையும் 1913இல் இரண்டு முறையும் தன் வசமாக்கியவர் அவர். இதன் மேற்பரப்பு அகலமான பலகை போலிருக்கும். மெல்லிய அடிப்பாகமுள்ள சாதாரணச் செருப்பு, ஷூவில்கூடத் தகட்டு விளிம்பு பாதத்தில் குத்தாது. பின்னால் நாக்கும் பெரியது, தேட வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்க நிறுவனமான வைட் இண்டஸ்ட்ரீஸின் அர்பன் பிளாட்ஃபார்ம் பெடல் இதே வடிவத்தைப் பின்பற்றியது. தினமும் சாதாரண ஷூவில் ஓட்டுகிறவர்களுக்கு என் தேர்வு இந்த வடிவம்தான்.

ரப்பர் கட்டை வைத்த பெடல் அழகு. ஆனால் பெரும்பாலானவற்றில் கிளிப் மாட்ட இடமே இருக்காது, அதனால் இந்த ஒப்பீட்டில் அதற்கு வேலையில்லை.

அசல் பழைய பெடல் கிடைத்தால் விடலாமா என்று கேட்பார்கள். பெடலைக் கிராங்க் தண்டில் முறுக்கும் மரையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய பிரெஞ்சுப் பெடல்களின் மரை 14 மில்லிமீட்டர். இன்று பரவலாக இருப்பது 9/16 அங்குலம், அதாவது சுமார் 14.3 மில்லிமீட்டர். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிரெஞ்சு மரையுள்ள கிராங்கில் புதிய பெடலைப் பலவந்தமாக முறுக்கினால் கிராங்கின் மரை போச்சு. பழைய பிரெஞ்சுப் பெடலைப் புதிய கிராங்கில் போட்டால் லொடலொடவென்று ஆடும். பழைய பாணியில் புதிதாகச் செய்த பெடலை நான் பரிந்துரைக்க இதுவே முதல் காரணம்.

சரி, கிளிப்புக்கு வருவோம். எஃகு கிளிப் வளையாமல் நிற்கும், கால் நுழைய வாய் எப்போதும் திறந்திருக்கும். ஷூவின் மேல் கீறல் விழும். தோல் சுற்றிய கிளிப் அதற்குத்தான். பிளாஸ்டிக் கிளிப் இலேசு, தலைகீழாகத் தரையில் உரசினாலும் வளைந்து திரும்பிவிடும். ஆனால் பழைய சைக்கிளில் அது ஒட்டாமல் தெரியும், எனக்கு மனசு வரவில்லை. வார் இல்லாத அரைக் கிளிப் நகர நெரிசலுக்கு நல்லது. கால் முன்னால் வழுக்காது, பின்னால் இழுத்தால் உடனே வெளியே வந்துவிடும். மேல்நோக்கி இழுக்க மட்டும் உதவாது.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஷூ நுனிக்கும் கிளிப்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல்கள் நசுங்கும், பாதமும் பெடல் அச்சுக்குப் பின்னால் தங்கிவிடும். சின்ன ஃபிரேம் சைக்கிளாக இருந்தால் மெதுவாக வளைத்துத் திரும்பும்போது கிளிப் முன் சக்கரத்தில் இடிக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்துவிடுங்கள்.

கிளிப்புகளில் புகழ்பெற்ற கிறிஸ்டோஃப் என்ற பெயர் பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் யூஜின் கிறிஸ்டோஃபினுடையது. 1913 டூர் டி பிரான்சில் முன் ஃபோர்க் உடைந்து, மலையடிவாரக் கிராமம் வரை நடந்துபோய், கொல்லன் பட்டறையில் தானே அதைச் சரிசெய்தவர். 1919இல் அந்தப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை முதன்முதலில் அணிந்தவரும் அவரே. அந்தப் பெயரைப் பெடலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

வாரில் ஒற்றைத் தோல் மென்மையானது, ஆனால் நாளாக நாளாக நீளும். நடுவே நைலான் வைத்து ஒட்டிய தோல்வார் நீளாது. நான் அதைத்தான் போடுவேன். மாட்டும்போது பெடலின் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள், அப்போதுதான் நகராது. பக்கிள் வெளிப்பக்கம் வர வேண்டும்.

கால் மாட்டிக்கொண்டு விழுந்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அந்தக் கால வீரர்கள் ஷூவின் அடியில் பள்ளமுள்ள கட்டையை ஆணியடித்து, அதைப் பெடல் தகட்டில் பொருத்தி, வாரையும் இறுக்கினார்கள். அப்படிக் கட்டினால் வாரைத் தளர்த்தாமல் காலை எடுக்க முடியாது. சாதாரண ஷூவில் அந்தக் கட்டை இல்லை. வாரில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருந்தால், காலை நேராகப் பின்னால் இழுத்தாலே போதும். பக்கவாட்டில் இழுத்தால்தான் சிக்கும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலுக்கும் இருபது தடவை எடுத்துப் பழகிவிட்டு அப்புறம் சாலைக்குப் போங்கள்.