மைடெக்ஸில் பள்ளி நன்கொடைக் கழிவு: தளம் பரவாயில்லை, ரசீதைக் கவனியுங்கள்

கலிபோர்னியாவில் 2012இல், பள்ளிகளுக்காக வரியை உயர்த்தலாமா என்று வாக்குச்சீட்டிலேயே கேட்டார்கள். மக்களும் சரி என்றார்கள். மலேசியாவில் அப்படி ஒரு வழி கிடையாது. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஆண்டுக்கு இருமுறை கட்டுகிற மதிப்பீட்டு வரி (வீடு, கடைகளுக்கு நகராண்மை விதிப்பது) குப்பைக்கும் கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் போகிறது, பள்ளிக்கு அல்ல. தன் பணம் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போகவேண்டும், அது வரிக்கணக்கிலும் ஏறவேண்டும் என்று நினைப்பவருக்கு இருப்பது நன்கொடையை வருமானத்தில் கழிக்கவிடும் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவும், அதைப் பதியும் மைடெக்ஸ் என்ற வரி வாரிய இணையதளமும்தான்.

தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. தமிழ் இல்லை என்பது குறைதான். ஆனாலும் வழி எளிது. ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கொடுத்து உள்ளே போய், ஈ-பைலிங் என்ற இணையவழிக் கணக்குத் தாக்கலில் சம்பளக்காரர் பிஇ படிவத்தையும், தொழில் வருமானம் உள்ளவர் பி படிவத்தையும் திறக்கவேண்டும். பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். நன்கொடையை 'பெலெபாசான்' (வரிச் சலுகைகள்) பக்கத்தில், புத்தகம், காப்புறுதிச் சலுகைகளுக்கு நடுவே தேடுவார்கள். அது அங்கே இல்லை. வருமானப் பகுதியிலேயே, 'டெர்மா, ஹடியா, சும்பாங்கான்' (நன்கொடை, அன்பளிப்பு, பங்களிப்பு) என்ற தலைப்பில் தனியாக இருக்கிறது. மொத்த வருமானத்திலிருந்து முதலில் நன்கொடை கழியும், சலுகைகள் அதற்குப் பிறகுதான் வரும் என்பதால் இந்த அமைப்பு.

அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்த பணத்தில், மொத்த வருமானத்தின் 10% வரைதான் கழிக்க முடியும். 2020 மதிப்பீட்டு ஆண்டுக்கு (கணக்குக் காட்டும் வருமான ஆண்டு) முன்பு இது 7%. 60,000 ரிங்கிட் வருமானம் என்றால் உச்சவரம்பு 6,000. ஆனால் 1,000 கொடுத்தால் 1,000 திரும்பி வரும் என்று எண்ணிவிடாதீர்கள். முஸ்லிம்கள் செலுத்தும் ஜக்காத்தைப் போல வரியிலேயே கழிவதில்லை இது, வருமானத்தில்தான் கழிகிறது. வரிக்குரிய வருமானம் 50,000க்கும் 70,000க்கும் இடையே இருந்தால் விகிதம் 11%, ஆகவே அந்த 1,000க்கு மிச்சம் 110 ரிங்கிட். 70,000ஐத் தாண்டி 1,00,000 வரை இருப்பவருக்கு 190. 35,000க்கும் 50,000க்கும் இடையில் இருப்பவருக்கு வெறும் 60.

தளத்தின் பெரிய பலவீனம், தொகையைத் தட்டினால் அப்படியே ஏற்றுக்கொள்வது. ரசீதைக் கேட்பதில்லை. கேட்பது பின்னாளில், தணிக்கையின்போது. அப்போது ரசீது நிற்காவிட்டால் கழிவும் போகும், தண்டமும் வரும். ரசீது எழுதிக்கொடுத்தது பள்ளியின் மேலாளர் வாரியமா, பெற்றோர் ஆசிரியர் சங்கமா, ஓர் அறவாரியமா என்று பாருங்கள். பள்ளியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்த அமைப்புக்கே அனுமதி இருக்கவேண்டும், பணம் கொடுத்த தேதியில் அந்த அனுமதி காலாவதியாகாமலும் இருக்கவேண்டும். ரசீதில் வரி வாரியத்தின் அனுமதிக் குறிப்பு எண்ணும் 44(6) என்பதும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வரி வாரியத்தின் இணையப் பட்டியலில் அமைப்பின் பெயரைத் தேடலாம். பணம் கொடுப்பதற்கு முன்பு தேடுவது உத்தமம்.

சிமெண்டு மூட்டை, நாற்காலி, மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் பள்ளிக்குப் பயன்தான், வரிக்கு இல்லை. இந்தப் பிரிவு பணத்தை மட்டுமே ஏற்கும். அரசின் பகுதி உதவி மட்டுமே பெறும் பள்ளிகளில் கட்டடச் செலவு மேலாளர் வாரியத்தின் தலையில் விழுவதால், நம் ஆட்கள் பொருளாகவே கொடுத்துவிடுகிறார்கள். அதே தொகையைப் பணமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, பொருள் வாங்குகிற வேலையை மேலாளர் வாரியத்திடம் விடலாம். கணவர் பெயரில் உள்ள ரசீதை மனைவியின் தனிக் கணக்கில் போடுவதும் அடிக்கடி நடக்கிற தவறு.

பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் கட்டம் ஒன்று உண்டு: பள்ளி நூலகத்துக்கான நிதி. அது 44(8) பிரிவு, உச்சவரம்பு 20,000 ரிங்கிட், கட்டமும் வேறு. இரண்டையும் ஒரே வரியில் கூட்டிப் போடாதீர்கள்.

பிஇ படிவத்துக்குக் கெடு ஏப்ரல் 30, ஈ-பைலிங்கில் வழக்கமாக மே 15 வரை விடுவார்கள். பி படிவத்துக்கு ஜூன் 30, ஈ-பைலிங்கில் ஜூலை 15. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்கவேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்தவை அதற்கு வெகு முன்பே வெளுத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே படமெடுத்து, ஆண்டுவாரியாகக் கோப்பில் போட்டுவையுங்கள்.