யூடெவ் ரிவ்யூ: ரெண்டு டிஸ்க்குக்கு மேல வச்சிருக்கவங்க அவசியம் படிங்க

லினக்ஸ்ல பின்னாடி சத்தமில்லாம ஓடிட்டு இருக்கற யூடெவ் (udev, மாட்டற டிஸ்க் மாதிரி சாதனங்கள கவனிச்சு பேர் லிங்க் போடற புரோகிராம்) பத்தி யாரும் பெருசா பேசறதே இல்ல, ஆனா நாலஞ்சு டிஸ்க் மாட்டி வச்சிருக்கவங்களுக்கு இத விட்டா வேற கதியே கிடையாது, அதான் எழுதறேன்.

முதல்ல எதுக்கு இது வேணும்னு சொல்லிடறேன். கெர்னல், அதாவது லினக்ஸோட மையப்பகுதி, டிஸ்க்குக்கு குடுக்கற எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) பேரெல்லாம் டோக்கன் மாதிரி, பூட் ஆகும்போது எந்த டிஸ்க் முதல்ல சிக்குதோ அதுக்கு முதல் எழுத்து, அவ்ளோதான். டிரைவருங்க பேரலலா லோட் ஆகறதால, பென்டிரைவ் ஒண்ணு சொருகிருந்தாலோ கண்ட்ரோலர் கார்டு ஒண்ணு புதுசா போட்டாலோ நேத்து எஸ்டிபியா இருந்தது இன்னிக்கு எஸ்டிசியா வந்து நிக்கும். இது பக் கிடையாதுங்க, அந்த பேர் மாறாதுன்னு கெர்னல் எப்பவும் வாக்கு குடுத்ததே இல்ல. ரெண்டு என்விஎம்இ (NVMe, வேகமான எஸ்எஸ்டி வகை) இருந்தா அங்கயும் 0, 1 இடம் மாறலாம்.

யூடெவ் 2003லயே வந்துருச்சு, 2012ல சிஸ்டம்டியோட (systemd, பூட் ஆகறப்ப மத்த சர்வீஸ்கள ஸ்டார்ட் பண்ற புரோகிராம்) சேர்த்துட்டாங்க. அது என்ன பண்ணுதுன்னா டெவ் ஃபோல்டருக்குள்ள டிஸ்க்னு ஒண்ணு வச்சு, அதுல பை-ஐடி, பை-யூயூஐடி (UUID, ஃபார்மேட் பண்றப்ப ஃபைல் சிஸ்டத்துக்கு கிடைக்கற தனி அடையாள நம்பர்), பை-பாத், பை-லேபிள்னு தனித்தனியா லிங்க் போட்டு வைக்குது. எனக்கு ரொம்ப புடிச்சது பை-ஐடிதான். ஏடிஏன்னு ஆரம்பிச்சு மாடல் பேரு, கடைசில சீரியல் நம்பர், அதே நம்பர் டிஸ்க் மேல ஒட்டிருக்கற ஸ்டிக்கர்லயும் இருக்கும், ஒரு டிஸ்க் செத்துப்போச்சுன்னா கேபினெட்ட திறந்து எத கழட்டணும்னு கண்ணால பாத்தே சொல்லிடலாம். ஃபார்மேட் அடிக்கறப்பவும், டிடி (dd, டிஸ்க்க அப்படியே காப்பி அடிக்கற கமாண்ட்) ஓட்டறப்பவும் இந்த பேரத்தான் குடுக்கணும், வெறும் எஸ்டிபின்னு அடிக்கறது ரொம்ப ரிஸ்க். எஃப்எஸ்டேப்க்கு (fstab, பூட் ஆகறப்ப எந்த டிஸ்க்க எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) மட்டும் யூயூஐடி போதும்.

குறை இல்லாம இல்ல. சில மலிவு யூஎஸ்பி டாக் (டிஸ்க்க சொருகி யூஎஸ்பில இணைக்கற பெட்டி) டிஸ்க்கோட சீரியல மறைச்சு தன்னோட சீரியல காட்டும், ஒரே மாதிரி ரெண்டு டாக் இருந்தா ரெண்டும் ஒரே நம்பர சொல்லும், அப்ப பை-ஐடில ஒண்ணுதான் தெரியும். தப்பு டாக் மேலதான், ஆனா அவஸ்தை நமக்கு. அதே மாதிரி டிஸ்க்க அப்படியே குளோன் அடிச்சா யூயூஐடியும் சேர்ந்து காப்பி ஆகிடும், ரெண்டையும் ஒண்ணா மாட்டுனா லிங்க் எதாவது ஒண்ணத்தான் காட்டும், எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்னா ரெண்டாவத மவுண்ட் பண்ணவே விடாது.

இன்னொண்ணு, எந்த டிரைவ்ல இருந்து பூட் ஆகணும்ங்கறது யூடெவ் கைல இல்லவே இல்ல. அது யூஇஎஃப்ஐ (UEFI, மதர்போர்டுல இருக்கற ஃபர்ம்வேர்) வச்சிருக்கற பூட் ஆர்டர், efibootmgr-ங்கற கமாண்ட்ல பாத்து மாத்திக்கலாம். லினக்ஸ லோட் பண்ற கிரப்ல (GRUB) வர்ற எச்டி0 (hd0) ஃபர்ம்வேர் சொல்ற வரிசை, அது எஸ்டிஏவாத்தான் இருக்கும்னு எந்த கேரண்டியும் இல்ல, அதனாலதான் கிரப்பும் இப்ப யூயூஐடி வச்சே தேடுது.

என் மார்க் அஞ்சுக்கு நாலரை. எக்ஸ்ட்ரா டிஸ்க்குக்கு எஃப்எஸ்டேப்ல லைன் போடறவங்க நோஃபெயில்னு (nofail) ஒரு ஆப்ஷன் சேத்துடுங்க, இல்லன்னா அந்த டிஸ்க்க கழட்டி வச்ச அன்னிக்கு சிஸ்டம்டி 90 செகண்ட் காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுக்கு போயிடும்.