வேப்பமரத்தை வரைந்த மூன்று வருடங்கள்

2022 ஜூனில் முதல் பக்கத்தை வரைந்தேன். வாசலில் நிற்கும் வேப்பமரத்திலிருந்து ஓர் ஈர்க்கைப் பறித்து, மேசையில் வைத்து, ஒரு மணி நேரம் பென்சிலோடு உட்கார்ந்தேன். வேப்பிலை எனக்குத் தெரியாத இலையா என்ன? அம்மை போட்ட வீட்டு வாசலிலும் மாரியம்மன் கோயில் நோன்பிலும் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் வரைந்து முடித்துவிட்டு இலையைப் படத்தின் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது, நான் வரைந்தது வேப்பிலையே இல்லை. நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக, சின்ன மாவிலை மாதிரி போட்டிருந்தேன். கையில் இருந்த இலையோ அரிவாள் போல வளைந்திருந்தது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். அடியில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்கக்கூட இல்லை. நாற்பத்து மூன்று வயது வரை இதை நான் பார்த்ததே இல்லை.

அந்த ஓர் இலைதான் என்னை இயற்கைக் குறிப்பேட்டில், அதாவது பார்க்கும் செடியையும் பறவையையும் நோட்டில் வரைந்து குறித்து வைக்கும் பழக்கத்தில் இழுத்துவிட்டது. பள்ளியோடு படம் வரைவதை விட்டவள் நான். கணக்கு எழுதுவது வேலை, கோவை சிங்காநல்லூர் பக்கம் வீடு. இப்போது நான்காவது நோட்டில் இருக்கிறேன். தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது என்ன வாங்கலாம் என்பதுதான். அதனால் அதைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். என் முதல் நோட்டு, பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போடாத நோட்டு. பென்சிலுக்கு அது போதும். வாட்டர் கலர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்து பின்பக்கம் வரை ஊறிவிட்டது. அப்புறம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கன அளவு) பருத்திக் காகித நோட்டு ஒன்று வாங்கினேன். அருமையான காகிதம்தான். ஆனால் அதன் விலை மனதில் நின்றுகொண்டு கையை ஓடவிடவில்லை. நான்கு மாதத்தில் ஆறே பக்கம் வரைந்திருந்தேன். இப்போது வைத்திருப்பது ஏ5 அளவில் 200 ஜிஎஸ்எம் ஸ்பைரல் நோட்டு. லேசாக நெளியும், ஆனால் வண்ணத்தைத் தாங்கும். முழுதாக மடித்து ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம்.

பேனாவில் ஒரு பாடம் பட்டேன். குளக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெல் பேனாவில் போட்ட நீலத் தாழைக்கோழி, வீட்டில் வண்ணம் பூசியதும் மை கலங்கி மொத்தமும் சேறாகிப் போனது. அன்றே தண்ணீரில் கரையாத மைப் பேனா ஒன்று வாங்கினேன், 0.3 முனை. இரண்டு வருடமாக அதே ரகம்தான். வண்ணத்துக்குப் பன்னிரண்டு கட்டிகள் உள்ள மாணவர் பெட்டி போதும். பெட்டியில் உள்ள பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்து, அதில் செங்காவி ஒரு துளி சேர்த்துப் பாருங்கள்; முற்றிய வேப்பிலையின் பச்சை வந்துவிடும். 2பி பென்சில் எதிர்ப் பக்கத்தில் அப்பிக்கொள்ளும், எச்பி அவ்வளவாக அப்பாது.

இடையில் பணம் கட்டி ஓர் இணைய வகுப்பிலும் சேர்ந்தேன். புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னார்கள். நிழல் போடுவது அங்கே கற்றதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எட்டு வாரத்தில் ஒரு நாள்கூட வெளியே போய் ஒரு செடியின் முன் உட்காரச் சொல்லவில்லை. இயற்கைக் குறிப்பேட்டுக்காக என்றால் அந்தப் பணத்துக்குப் பேருந்து டிக்கெட் எடுத்திருக்கலாம்.

பறவைதான் கஷ்டம். அது நமக்காக நிற்காது. நான் பழகியது மடையானைப் பார்த்துத்தான். சிங்காநல்லூர் குளத்தின் ஓரத்தில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு பத்து நிமிடம்கூட அசையாமல் நிற்கும். அது அசைந்தால் படத்தை அழிக்க வேண்டாம். பக்கத்திலேயே இன்னொன்று தொடங்குங்கள். பழைய நிலைக்கு எப்படியும் திரும்பும், அப்போது முதல் படத்துக்குப் போகலாம். என் பக்கங்களில் ஐந்தாறு அரைகுறை மடையான்கள் இருக்கும். சாய்வு, தலையின் கோணம், உடலின் முட்டை வடிவம் என்ற வரிசையில் போட்டால் இறகு போடாமலே மடையான் வந்துவிடுகிறது. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் பிற்பாடு வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு வரைய முடியாது. அரை நிமிடம் பார்த்துவிட்டு இறக்கி வைத்து நினைவிலிருந்து வரைவதுதான் வழி. நல்ல பயிற்சி அது.

எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் குளத்தில் வரைந்தவை இல்லை, பின்கட்டுக் கறிவேப்பிலைச் செடியில் வரைந்தவை. 2023இல் அதில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. வரையக் குனிந்தபோது அது நகர்ந்தது. புழு! தினமும் ஒரு படம் என்று வைத்துக்கொண்டேன். சில நாளில் எச்ச நிறம் போய்ப் பச்சையானது. பென்சில் முனையால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கவை மாதிரி ஒரு சிவப்புக் கொம்பை நீட்டியது, கூடவே ஒரு வாடை. கூட்டுப்புழுவாகி, ஒரு நாள் காலையில் பட்டாம்பூச்சி வெளியே வந்து சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. கறுப்புச் சிறகு, நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்பு. காமன் ரோஸ் என்று எழுதிவிட்டேன். பிறகு வண்ணம் பூசும்போது உடம்புக்கு எந்தச் சிவப்பு என்று தேடினால், உடம்பு கறுப்பு. காமன் ரோஸுக்கு உடம்பே சிவப்பாக இருக்கும். இது காமன் மார்மனின் பெண். ஆடுதின்னாப்பாளை என்ற நச்சுச் செடியைத் தின்று வளரும் காமன் ரோஸைப் பறவைகள் தின்னாமல் ஒதுக்கும். அந்தச் சாயலைப் போட்டுக்கொண்டு இது பிழைக்கிறது. போனில் படம் எடுத்திருந்தால் காமன் ரோஸ் என்ற பெயரோடே இருந்திருக்கும்.

கோவையில் உட்கார்ந்து செடி வரையும்போது இரண்டு பேரை நினைத்துக்கொள்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே தங்கிப் பருத்திச் சோதனைகளை நடத்திய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்குத் தென்னிந்தியத் தாவரங்களை வரைந்து கொடுத்த ரங்கையாவும் அவருக்குப் பின் வந்த கோவிந்துவும். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயரிட்டார். அந்தப் படங்களில் காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். நான் வழக்கமாக அவசரப்பட்டு விட்டுவிடும் இடம் அது. அவர்கள் ஒரு கணுவைக்கூட விடவில்லை.

படத்தைவிட எழுத்து முக்கியம் என்பது இரண்டாம் வருடம்தான் புரிந்தது. தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா, எண்ணிக்கை. கீழே எனக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதி வைப்பேன். தேதி போடாத முதல் பதினைந்து பக்கங்களைப் பார்க்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நடுவில் நான்கு மாதம் விட்டுப்போனது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல். திரும்பத் தொடங்கியது அதே வேப்பமரத்திடம்தான். எங்கும் போக வேண்டியதில்லை, வாசலில் நாற்காலி போட்டால் போதும். வாரம் ஒரு முறை அந்த மரத்தில் ஒரு கிளை: மாசியில் இலை கொட்டுவது, செம்பு நிறத் தளிர், பங்குனியில் பூ, ஆனியில் பழம். மூன்று வருடமும் ஒரே தேதியில் வருவதில்லை.

வேப்பம்பூவை உலர்த்தி ரசத்துக்கு எடுத்து வைப்பது அம்மாவின் வேலை. இந்த மார்ச்சில் முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "கண்ணு, போன வருஷம் பூ எப்பக் கொட்டுச்சுன்னு அந்த நோட்டுல பாரு." பார்த்துச் சொன்னேன். மறுநாளே மரத்தடியைப் பெருக்கிப் பழைய வேட்டியை விரித்துவிட்டார்.

கடைசியாக வரைந்த பக்கத்தில் ஒரு பெண் குயில், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், அலகில் ஒரு மஞ்சள் வேப்பம்பழம். கீழே கேள்வி: கொட்டையை விழுங்குகிறதா, துப்புகிறதா? மூன்று காலை உட்கார்ந்தும் தெரியவில்லை. பழம் இன்னும் பத்து நாளுக்கு இருக்கும். நாளை ஐந்தே முக்காலுக்கே நாற்காலியைப் போடுகிறேன்.