“மதர்போர்டு போயிடுச்சு சார்” என்று சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

ஸ்லீப்பில் போட்ட டெஸ்க்டாப் எழுந்திருக்கவில்லை என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு, மாற்றாத மதர்போர்டுக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவன் எழுதுகிறேன். இதே வசனத்தை உங்களிடமும் யாராவது சொல்லியிருந்தால், காசை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ராத்திரி ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுப்பேன். காலையில் கீபோர்டைத் தட்டினால் ஃபேன் சுற்றும், கேபினட் விளக்கு எரியும். மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு முறை காட்டிவிட்டுக் கறுப்பாகவே கிடக்கும். பவர் பட்டனை நாலு விநாடி அமுக்கிப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்யும். சேமிக்காமல் விட்ட வேலை போனது போனதுதான். பத்து நாள் இப்படியே ஓட்டினேன்.

வந்தவர் கேபினட்டைத் திறக்கக்கூட இல்லை. பட்டனை ரெண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, “போர்டு போயிடுச்சு சார். எடுத்துட்டுப் போய் மாத்தித் தரேன்” என்றார். எப்போதாவது வரும் கோளாறு என்றால் சந்தேகப்பட்டிருப்பேன். தினமும் வந்ததால் நம்பிவிட்டேன். மூன்று நாள் கழித்து மிஷின் திரும்பி வந்தது. பில்லில் ‘மதர்போர்டு – 1’ என்று ஒரே வரி. மாடல் பெயர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. பழைய போர்டு எங்கே என்று கேட்டதற்கு, “அது ஸ்கிராப் சார், உங்களுக்கு எதுக்கு?” என்றார். நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் நிம்மதி. அதற்கப்புறம்தான் ஒரு விஷயம் உறுத்தியது: மிஷின் ஒரு முறைகூடத் தானாகத் தூங்கவில்லை. ஸ்டார்ட் மெனுவில் பவர் பட்டனை அமுக்கினால் ஷட் டவுன், ரீஸ்டார்ட் ரெண்டுதான் இருக்கிறது, ஸ்லீப்பையே காணோம். பவர் செட்டிங்ஸைத் திறந்தால் தூங்கும் நேரம் ‘நெவர்’. மிஷினில் என்னென்ன தூக்க நிலைகள் உண்டு என்று காட்டும் கட்டளையை (powercfg /a) கமாண்ட் பிராம்ப்டில் அடித்தேன். எஸ்3 ஸ்லீப், அதாவது வழக்கமான தூக்கம், இந்த மிஷினில் உண்டு என்றே பதில் வந்தது. ஆக, கோளாறைச் சரி செய்யவில்லை. தூக்கத்தையே ஒளித்து வைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று கொடுத்திருக்கிறார்கள்.

சரி, போர்டாவது புதுசா? விண்டோஸ் 10 லைசன்ஸ் போர்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். போர்டை மாற்றினால் பெரும்பாலும் ஆக்டிவேஷன் போய்விடும், எனக்குப் போகவில்லை. அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ரவுட்டரில் இந்த டெஸ்க்டாப்புக்கென்று ஒரு ஐபி முகவரி ஒதுக்கி வைத்திருந்தேன். அது கேபிள் சொருகும் லேன் போர்ட்டின் மேக் முகவரியை, அதாவது அந்தப் போர்ட்டுக்கென்றே உள்ள அடையாள எண்ணைப் பார்த்துக் கொடுப்பது. அந்தப் போர்ட் மதர்போர்டிலேயே இருப்பதால் போர்டு மாறினால் மேக்கும் மாற வேண்டும். பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றுகூட மாறவில்லை. பரணிலிருந்து மதர்போர்டின் பழைய அட்டைப் பெட்டியை இறக்கி, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரும் போர்டு ஸ்டிக்கரில் இருந்த நம்பரும் ஒன்றே. ராம் சொருகும் இடத்தின் ஓரம் இருந்த பழைய தூசியைக்கூட ஊதவில்லை, புண்ணியவான்கள்.

உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. மிஷினில் நடப்பதை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்தேன். ‘பவர் டிரபிள்ஷூட்டர்’ என்ற பெயரில், ஐடி 1 என்று, எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது என்பதை விண்டோஸ் ஒவ்வொரு நாளும் குறித்து வைத்திருந்தது. அதாவது தினமும் காலையில் மிஷின் ஒழுங்காக எழுந்துதான் இருக்கிறது. அதற்கு ரெண்டு நிமிஷம் கழித்து ‘கெர்னல் பவர்’ ஐடி 41. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமலே மறுபடி ஆன் ஆனது என்ற குறிப்பு. அது என் கைவேலை! திரைதான் வரவில்லை, மிஷின் செத்துவிட்டதாக நினைத்து நான்தான் பட்டனை அமுக்கிக் கொன்றிருக்கிறேன்.

ஒளித்து வைத்திருந்த ஸ்லீப்பைத் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி ஸ்லீப்பில் போட்டு எழுப்பினேன். திரை கறுப்பு. கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. உள்ளே உயிர் இருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யை (B) அமுக்கினேன். திரையில் படம் காட்டவைக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் உலுக்கி எழுப்பும் சேர்க்கை அது. ஒரு ‘பீப்’, திரை வந்துவிட்டது. கோளாறு ஆரம்பித்ததற்கு முந்தின நாள் அந்த டிரைவர் அப்டேட் ஆகியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் போய், பழைய டிரைவருக்கே திரும்பும் ‘ரோல் பேக்’ கொடுத்தேன், அவ்வளவுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் டிரைவர்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்3 தூக்கத்தில் பெரும்பாலான பாகங்கள் அணைந்துவிட்டாலும் ராமுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதைக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இணைப்பு. அது தளர்ந்தால், தூங்கிய மிஷின் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து பூட் ஆகலாம். எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கைப் போட்டு ராமை வேகப்படுத்தியிருந்தாலும் எழும்போது தகராறு வரலாம். விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் அதை அணைத்துப் பார்க்கலாம். போர்டே போனதாகவும் இருக்கலாம். ஆனால் கேப்ஸ் லாக் விளக்குக்கு உயிர் இருக்கும்போது, கேபினட்டைத் திறக்காமலே “போர்டு” என்று ஒருவர் சொன்னால் அவருக்கு உங்கள் மிஷின்மேல் அக்கறை இல்லை.

மிஷினை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், போர்டு, ராம், டிஸ்க் மூன்றின் ஸ்டிக்கர்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பாகத்தின் சீரியல் நம்பர் பில்லில் ஏறட்டும், பழைய பாகம் கைக்கு வரட்டும். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. “புது போர்டுக்குப் பழைய மேக்கையே ஏத்திக் கொடுத்திருக்கோம் சார்.” அப்படியென்றால் பழைய ஸ்டிக்கரையும் உரித்து ஒட்டினீர்களா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.