கடல் சுழல்களைக் கணிக்க: ஒற்றைக் கோடா, அகலப் பட்டையா?

மெக்சிகோ வளைகுடாவில் வளைந்தோடும் சூடான லூப் நீரோட்டத்திலிருந்து 200, 300 கிலோமீட்டர் அகலமுள்ள வெப்பச் சுழல்கள் அவ்வப்போது பிரிந்து மேற்கே நகரும். 2005-ல் கத்ரீனா, ரீட்டா புயல்கள் அந்தப் பகுதியின் சூடான நீரைக் கடந்தபோது வேகமாக வலுத்தன. சுழல் இன்று எங்கே இருக்கிறது என்று தெரியாத கணினி மாதிரியால் அடுத்த வாரத்தைச் சொல்ல முடியாது.

சூடான சுழல் உள்ள இடத்தில் கடல்மட்டம் சற்றே உயர்ந்திருக்கும். அதை வைத்துச் சுழலின் இடத்தைச் சொல்ல ஒரு வழி, சென்டினல்-6 போன்ற செயற்கைக்கோள்கள். நேர் கீழே ரேடார் துடிப்பை அனுப்பி, கடல்மட்ட உயரத்தை ஒரே கோட்டில் அளக்கின்றன. சுமார் 10 நாளில் அதே பாதைக்குத் திரும்பிவிடும். 1992-ல் டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோள் தொடங்கிவைத்த அறுபடாத தொடர் இது. ஆனால் பூமத்தியரேகையில் அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. பல செயற்கைக்கோள்களின் அளவுகளைச் சேர்த்தாலும் சிறு சுழல்கள் நழுவிவிடுகின்றன.

2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் (SWOT) செயற்கைக்கோள், 120 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடல்மட்டத்தைப் படமாகவே தருகிறது. சுழல்களின் விளிம்புகள் அதில் தெரியும் தெளிவு உண்மையிலேயே வியக்கவைக்கிறது. சரி, பிறகென்ன குறை? அதே பாதைக்குத் திரும்ப 21 நாள் ஆகும். அதற்குள் சின்னச் சுழல் உருமாறிவிடும். அப்புறம், கடலுக்குள் ஓடும் உள்ளலைகளும் படத்தில் கலந்து தெரியும். அவற்றைப் பிரித்தெடுப்பது தனி வேலை.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் பழைய கோடுகளையே கேட்பேன். தினசரிக் கணிப்புக்கு அடிக்கடி வரும் தரவுதான் முக்கியம். மாதிரியின் தவறுகளைப் பிடிக்க ஸ்வாட் அருமை. இரண்டுமே மேற்பரப்பைத்தான் பார்க்கும். ஆழத்து வெப்பத்துக்கு, 2,000 மீட்டர் வரை இறங்கும் ஆர்கோ மிதவைகள் வேண்டும்.