கைராசியும் கெடுவும்: அப்பா போன மூன்று இடங்கள்

அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை நோய் வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற தை மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.9 என்றும், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஜி.எஃப்.ஆர். 16 என்றும் வந்ததிலிருந்து அவர் மூன்று பேரிடம் போனார். முதலாமவரை விட்டுவிட்டு மற்ற இருவரைப் பிடித்துக்கொண்டார். கூடவே போய் மூன்று அறைகளிலும் உட்கார்ந்திருந்தவன் நான்.

முதலாமவர் சிறுநீரக நிபுணர். மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், ஆறு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஜி.எஃப்.ஆர். 15-க்குக் கீழே போனால் அது கடைசி நிலை. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவை இடது கையில் இப்போதே போட்டால்தான், அது ஊசி ஏற்றும் அளவுக்கு முதிர ஆகும் இரண்டு மூன்று மாதங்கள் கையில் இருக்கும். தவறினால் அவசரத்தில் கழுத்தில் குழாய் போட நேரும், அதில் கிருமித் தொற்று ஆபத்து அதிகம். அதுவரை இடது கையில் யாரையும் ஊசி குத்த விடக் கூடாது, மூட்டு வலி மாத்திரையை அறவே நிறுத்த வேண்டும். ஒன்றும் தவறில்லை. ஆனால் அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னது ஒரு வாக்கியம்கூட இல்லை. “மெஷின்ல போடப் பாக்கான்” என்று அப்பா படியிறங்கும்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்.

இரண்டாமவர் முப்பது ஆண்டுகளாக எங்கள் தெருவுக்கே கைராசிக்காரர். “அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன வந்துச்சு? உப்பு கொஞ்சம் ஏறியிருக்கு, கொறைச்சிருவோம்” என்று தோளைத் தட்டினார். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவர் தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். ஆனால் சோர்வாக இருக்கிறது என்று போன ஒரு நாளில், எந்தக் கையைக் காக்கச் சொல்லியிருந்தார்களோ அந்த இடது கையிலேயே ட்ரிப்ஸ் ஏற்றி அனுப்பினார். சட்டையைக் கழற்றியபோதுதான் பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன்.

மூன்றாமவர் பட்டம் எதுவும் இல்லாத நாட்டு வைத்தியர். (முறையாகப் படித்த சித்த மருத்துவர் யாரும் இரத்த அறிக்கையைப் பார்க்காமல் மருந்து கொடுத்திருக்க மாட்டார் என்பதால் இதை அந்த மருத்துவத்தின் மீதான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) பொட்டலத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதப்படாத ஒரு சூரணம், காலையில் வாழைத்தண்டுச் சாறு, மாலையில் இளநீர், ஒரு மண்டலத்தில் குணம். சாறு, இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. அதை வெளியேற்றும் திறன் குறைந்த சிறுநீரகத்துக்கு, இதயத் துடிப்பையே குலைக்கும் அளவுக்கு அது சேர்ந்துவிடக் கூடும். இங்கேதான் அப்பாவுக்கு வலுவான ஆதாரம் ஒன்று கிடைத்தது: நான்கே வாரங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 210-லிருந்து 120-க்கு இறங்கியது. உடலில் இன்சுலினைச் சிதைத்து அகற்றும் வேலையில் ஒரு பங்கு சிறுநீரகத்துடையது. அது தளரும்போது, போட்டுக்கொள்ளும் இன்சுலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையைத் தாழ்த்தும். சூரணத்தின் வெற்றியாக அப்பா எல்லோரிடமும் காட்டிய அந்தத் தாள், நோய் முற்றுவதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

மூவரில் தன் சொல்லுக்கு மெய்யான கெடு வைத்தவர் நிபுணர் ஒருவரே. கைராசிக்காரரிடம் கெடுவே இல்லை. வைத்தியரின் மண்டலமோ முடிந்ததும் இன்னொரு மண்டலமாக நீண்டது. கேட்கும் பொறுமையில் மட்டும் இந்த இருவரும் நிபுணரை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அப்பா தேடிப் போனதும் அதைத்தான் என்பதால், அவருக்கு அறிவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனி மாதம் நான் தனியாகக் கைராசிக்காரரிடம் போய் எல்லா அறிக்கைகளையும் மேசையில் பரப்பினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “நான் சொல்லுதேன்” என்றார். அடுத்த முறை அப்பாவிடம், “ஆபரேஷனைப் பத்திப் பொறவு பேசுவோம் அண்ணாச்சி, இந்தக் கைய மட்டும் யாரும் தொடக் கூடாது, நான் உள்பட” என்றார்.

போன வாரம் ஆய்வகத்தில் அந்தப் பெண் ரப்பர் பட்டையை எடுத்ததும், அப்பா இடது கைச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு வலது கையை நீட்டினார். ஃபிஸ்டுலாவுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.